மேலடுக்கில் மட்டும் வண்டு

"மேடம், வசம்பு நெஜமாவே ஒர்க் ஆச்சா, இல்ல சும்மா சொல்றாங்களா?" என்று போன வாரம் வினோதினி தொலைபேசியில் கேட்டார். கொடைக்கானலில் நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆராய்ச்சி நிலையத்தில், சேமிப்புத் தானியப் பிரிவை இப்போது கவனிப்பவர் அவர்தான்.

அவர் ஏன் கேட்கிறார் என்பது எனக்குத் தெரியும். தானியத்தில் வண்டு விழுந்தால் போடும் விஷ மாத்திரை, எங்கள் பக்கத்துக் கடைகளில் முன்போல எளிதாகக் கிடைப்பதில்லை. ஆகவே எல்லோருக்கும் செடிகள் மீது திடீர்க் காதல். ஏரிக்குப் போகும் வழியில் ஒரு கடைக்காரர், காய்ந்த இலையைச் சணல் பையில் கட்டி, 'இயற்கையானது, நூறு சதவீதம் பாதுகாப்பானது' என்று எழுதிச் சுற்றுலா வருபவர்களுக்கு விற்கிறார். அரளியும் இயற்கையானதுதான். அதையும் ஒரு பையில் கட்டி அவருக்கே பரிசளிக்கலாமா என்று யோசித்தேன்.

"வேலை செய்தது. ஆனால் அது வேலை செய்ய நாங்கள் ஒரு சர்ச்சுக்குள் போக வேண்டியிருந்தது" என்றேன். முழுவதையும் எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டேன். இதோ.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மதுரையில் பூச்சியியல் படித்தேன். வண்டுகளின் லத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்தேன். மாதிரி எடுப்பதற்கு எத்தனை விதிகள் உண்டோ அத்தனையும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். இந்தத் தகுதிகளோடு மலையேறி வந்தவளை, முதல் நாளே ஞானதாஸ் சார் ஒரு மூட்டை மக்காச்சோளத்தின் முன்னால் நிறுத்தினார்.

அவர்தான் எங்கள் பிரிவுத் தலைவர். கொடைக்கானல்காரர், அப்பா மிஷன் பள்ளி ஒன்றில் தச்சராக இருந்தவர். சத்தம் போட்டுப் பேசியதை நான் கேட்டதில்லை. அன்று நான் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தேன். அவர் அதை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கண்ணாடி கடைசில, கற்பகம். மொதல்ல கை."

கைக்கடிகாரத்தைக் கழற்றினார். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினார். மூட்டைக்குள் அக்குள் வரைக்கும் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். புழு தின்னும் இடத்தில் தானியம் சூடாகும். குளிர் மலையில் அந்தச் சூடு கைக்கு நன்றாகவே தெரியும். பிறகு ஓர் எவர்சில்வர் டம்ளரில் தானியத்தை நிரப்பிக் காதில் வைத்துக்கொள்வார். உள்ளே புழு கொறித்தால், யாரோ தூரத்தில் காகிதத்தைக் கசக்குவது போலக் கேட்கும். மூன்றாவது, மேல், நடு, அடி என்று மூன்று அடுக்கிலும் தனித்தனியே மாதிரி எடுத்து, தனித்தனி வெள்ளைத் தாளில் சலிப்பது. மூன்றையும் கலந்துவிட்டால் அன்று முழுக்க நம்மோடு பேச மாட்டார். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கண்ணாடியைத் திருப்பிக் கொடுப்பார். "சார், எனக்கென்னவோ வண்டு இருக்கும்னு தோணுது" என்று யாராவது சொன்னால், "கை என்ன சொல்லுது?" என்று மட்டும் கேட்பார். தோன்றுகிற விஷயங்களுக்கு அவரிடம் மதிப்பில்லை.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். உணவுத் தானியத்தில் எந்த இலையைப் போட்டுச் சோதித்தாலும், சோதனை முடிந்ததும் அந்தத் தானியத்தை ஆபீசிலேயே சமைத்து நாங்கள் தின்ன வேண்டும். "நம்மளால திங்க முடியாதத அடுத்தவங்க பானையில போடக் கூடாது." கொடைக்கானலில் யூகலிப்டஸ் இலைக்குப் பஞ்சமா? அரிசிக்கு நடுவே அடுக்கடுக்காகப் போட்டு வைத்தோம். வண்டு வரவில்லை. சோறு வடித்தபோது சமையலறையே தைலக் கடை மாதிரி மணத்தது. எங்கள் ஓட்டுநர் ராசு இரண்டு கவளம் தின்றுவிட்டு, "சார், மூக்கடப்பு தொறந்துருச்சு, ரசம் ஊத்துனா நெஞ்சுச் சளியும் போயிரும்" என்றார். அந்தச் சோதனையை அத்தோடு மூடினோம்.

பாடப் புத்தகம் எங்களை வேறு விதமாகவும் கேலி செய்தது. 'இலைகளை நிழலில் உலர்த்துக' என்று அது சொல்லும். எழுதியவர் கொடைக்கானல் நிழலைப் பார்த்தவர் இல்லை. இங்கே நிழலில் துணியே காயாது. பழனியிலிருந்து மூட்டை மூட்டையாக வரவழைத்த வேப்பிலை, நிழலில் கிடந்து பூசணம் பிடித்தது. அதைப் பயறில் போட்டிருந்தால் வண்டுக்கு முன்பு பூசணமே பயறைத் தின்றிருக்கும். கடைசியில் ஒரு விறகடுப்பு பேக்கரிக்காரரைப் பிடித்து, அவருடைய அடுப்புக்கு மேலே உள்ள பரணில் காய வைத்தோம். வேப்பிலை போனபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. வசம்பு போனபோது வாடிக்கையாளர்கள் கேக்கைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

வசம்பு என்றால் கைக்குழந்தைக்கு வயிற்று வலி வந்தால் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவார்களே, அதே கிழங்குதான். காய வைத்து இடித்துப் பொடியாக்கி விதையில் கலந்தால் வண்டு முட்டையிடுவது குறையும், இட்டாலும் பெரும்பாலும் பொரிக்காது. ஆனால் சமையலுக்கு வைத்திருக்கும் தானியத்தில் அதைப் போடக் கூடாது. விதைக்கு மட்டும். இதை நான் பயிற்சிகளில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியிருக்கிறேன்.

இனி அந்த ஊருக்கு வருகிறேன்.

வடகவுஞ்சிக்கு மேலே, ஜீப் மட்டும் போகும் பாதையில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். ஒரு சர்ச், அதைச் சுற்றி வீடுகள், வீடுகளைச் சுற்றிப் பட்டர் பீன்ஸ் தோட்டங்கள். அவர்களுடைய பீன்ஸ் வெள்ளை வெளேரென்று, கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெரிதாக இருக்கும். விதையை வெளியே வாங்குவதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மில் அடுத்த விதைப்புக்கான விதை இருக்கும்; அந்த டிரம் பெரும்பாலும் படுக்கும் அறையில்தான் நிற்கும்.

வண்டுக்குப் பயந்து அந்த டிரம்மில் மாத்திரை போட்டு வந்தார்கள். ஈரக் காற்றுப் பட்டால் அந்த மாத்திரை விஷ வாயுவாக மாறும். மேகம் வீட்டுக்குள் வந்து போகிற ஊரில், படுக்கைக்குப் பக்கத்தில் அதை வைத்தால் என்ன ஆகும்? ஒரு வீட்டில் ஒரு பெண்ணும் அவளுடைய குழந்தையும் விடிகாலையில் வாந்தியும் மூச்சுத் திணறலுமாகக் கிடந்தார்கள். ஜீப்பில் தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தார்கள். அந்தப் பெண்ணின் மாமியார் எஸ்தரம்மா, மகளிர் குழுத் தலைவி. மறுநாளே வீடு வீடாகப் போய் இனி மாத்திரை கூடாது என்று எல்லோரிடமும் வாக்கு வாங்கிவிட்டு, எங்கள் ஆபீசுக்கு வந்தார்.

"மாத்திரைய நிப்பாட்டிட்டேன் ஐயா. வெதையக் காப்பாத்தலைன்னா ஊரு என்னைய நிப்பாட்டிரும். ஏதாச்சும் குடுங்க."

அந்த அறுவடையில் எல்லா வீட்டுக்கும் வசம்பு போட்டுக் கொடுத்தோம். பீன்ஸ் பயறைக் கடித்தால் கடுக்கென்று உடையும்வரை காய வைத்து, தார்ப்பாயில் கொட்டி, பொடியோடு புரட்டி, டிரம்மை நிரப்பி மூடி, 'விதைக்கு மட்டும்' என்று சிவப்பு மையில் நானே எழுதினேன். விதைக்கும்வரை திறக்கக் கூடாது என்று மூன்று தடவை சொன்னேன்.

விதைப்புக்கு முன்பே எஸ்தரம்மாவின் போன் வந்தது. "மேடம், வண்டு வந்துருச்சு. ஒரு வீட்ல இல்ல, ஊரு பூராம். ஆம்பளைக வெள்ளனே பழனிக்கு எறங்கி மாத்திரை வாங்கிட்டே வந்துட்டாங்க. இன்னைக்கி ராத்திரி போடப் போறாங்களாம். வெரசா வாங்க."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சர்ச் முற்றத்தில் ஊரே நின்றது. எஸ்தரம்மாவின் கணவர் தாசையா கையில் மாத்திரை இருந்த அலுமினியக் குப்பி, மூடி திறக்காமல் இருந்தது.

"வாங்க மேடம்," என்றார். "பச்சப்புள்ளைக்குக் குடுக்குற மருந்த வண்டுக்குக் குடுத்தீங்க. அதுக்கு வயித்துவலியெல்லாம் தீந்து, நல்லாக் கொழுத்துக் கெடக்கு. வந்து பாருங்க."

கூட்டம் சிரித்தது. எஸ்தரம்மா சிரிக்கவில்லை. அவருடைய மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். அன்று ராத்திரி அந்த அறையில்தான் அவர்கள் படுக்க வேண்டும்.

ஞானதாஸ் சார் கடிகாரத்தைக் கழற்றினார். நான் சட்டென்று முன்னால் போய் என் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டேன். "நான் பாக்குறேன் சார்." எஸ்தரம்மாவின் டிரம்முக்குள் கையை விட்டேன். மேலே வெதுவெதுப்பு. முழங்கை தாண்டியதும் ஜில்லென்று இருந்தது. விரல் நுனி இறங்க இறங்க இன்னும் குளிர்ச்சி.

தோட்டத்திலேயே முட்டை விழுந்து வண்டு வந்திருந்தால் பயறு முழுவதிலும் பரவியிருக்க வேண்டும். மேல் மாதிரி, நடு மாதிரி, அடி மாதிரி என்று மூன்று தாளில் கொட்டினேன். மேலடுக்குப் பயறு துளை துளையாக இருந்தது. நடுவில் அங்கொன்று இங்கொன்று. அடியில் ஒரு துளைகூட இல்லை. பொடி மட்டும் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, எல்லா டிரம்மிலும் அதே கதை. நான் ஓடிக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ராசு பின்னால் தாள்களைத் தூக்கிக்கொண்டு, "மேடம், பாத்து, நாய் கெடக்கு" என்று வந்தார்.

ஒரே ஒரு வீட்டில் வண்டு இல்லை. செல்லத்துரை என்பவர் வீடு. பொடியை அவர் ஒழுங்காகப் புரட்டக்கூட இல்லை. அடியில் கட்டியாகக் கிடந்தது. ஆனால் பயறு சுத்தம்.

"எங்கிட்ட வண்டு வராது மேடம். வந்தா வாடகை கேப்பேன்" என்றார் அவர்.

வசம்பை ஒழுங்காகப் போட்ட வீடுகளில் எல்லாம் வண்டு, போடத் தெரியாதவர் வீட்டில் இல்லை. ஒரு விஞ்ஞானிக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? ஆனால் எனக்குத் தலை பரபரவென்று வேலை செய்தது. வண்டு மேலிருந்து வந்திருக்கிறது. முட்டை வண்டாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். துளைகளைப் பார்த்தால் இரண்டு தலைமுறை ஓடியிருக்கிறது. அப்படியானால் சுமார் இரண்டு மாதத்துக்கு முன்பு யாரோ மேலே எதையோ போட்டிருக்கிறார்கள், எல்லா வீட்டிலும், ஒரே சமயத்தில்.

"எஸ்தரம்மா, நடுவுல டிரம்மத் தொறந்தீங்களா?"

"நீங்கதான தொறக்கக் கூடாதுன்னீங்க. தொறக்கவே இல்ல."

"ஒரு தடவகூட?"

"இல்லங்குறேன். செவப்பு மையில எழுதிப் போட்டுருக்கீங்க, எப்பிடித் தொறப்போம்?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "செபப் பயறு போட மட்டும் தொறந்தோம். அது தொறக்குறதுல சேராதுல்ல?"

அறுவடை முடிந்ததும் சர்ச்சில் நடக்கும் அவர்களுடைய அறுப்பின் பண்டிகையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வீடும் கொஞ்சம் பயறு கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் உள்ள பெரிய கூடையில் கொட்டும். சபையை நடத்தும் உபதேசியார் செபம் செய்வார். பிறகு ஆளுக்கு ஒரு பிடி கூடையிலிருந்து அள்ளிக்கொண்டு போய், விதை டிரம்மின் மேலே தூவி மூடிவிடுவார்கள். அதைச் சமைக்க மாட்டார்கள். விதையோடு விதையாக மண்ணுக்குப் போக வேண்டும்.

ஒரு வீட்டுப் பயறில் வண்டு இருந்தால் போதும். கூடை அதை ஊருக்கே பகிர்ந்து கொடுத்துவிடும். நாங்கள் போட்ட பொடியோ நாளாக ஆகக் கீழே இறங்கியிருந்தது. மேலே தூவிய பிடிக்கு மருந்தே இல்லை.

"செல்லத்துரை அண்ணன் வீட்ல செபப் பயறு போட்டாங்களா?"

"அவரு கோயிலுக்கு எங்க வர்றாரு? மைக் செட்டு யாரு வைக்கிறதுன்னு கமிட்டியில சண்ட போட்டதுலருந்து வீட்லதான் செபம்."

நான் ஞானதாஸ் சாரை ஜீப்புக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"சரிதான். போய்ச் சொல்லுங்க."

"நானா? சார், நீங்கதான அந்தச் சபை ஆளு. நான் பழனிக்காரி. செபம் பண்ணுன பயறுல வண்டுன்னு நான் போய்ச் சொன்னா அடிக்க வந்துருவாங்க."

"நான் சொன்னா, ஞானதாஸ் செல்லத்துரை கட்சில சேந்துட்டாருன்னு முடிஞ்சுரும். நீங்க எந்தக் கட்சியும் இல்ல. போங்க."

போனேன். "எங்கப்பா பழனியில பஞ்சாமிர்தக் கடை வச்சிருந்தார்" என்று ஆரம்பித்தேன். எதற்கு இதைச் சொல்கிறாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். "கோயில் பிரசாதம்தானேன்னு மூடாம வச்சா ஈ மொய்க்காம இருக்குமா? ஈக்கு அது பிரசாதம்னு தெரியாது. தெரிஞ்சாலும் விடாது." இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தத் தைரியத்தில் மூன்று தாள்களையும் சர்ச் படியில் விரித்துக் காட்டினேன்.

சிரிப்பு நின்றது. உபதேசியார் மெதுவாகக் கேட்டார்: "அப்ப செபம் பண்ணுன பயறுல வண்டுங்குறீங்க."

"செபத்துக்கு முன்னாடியே இருந்துச்சு ஐயா. அதுவும் சேந்து ஆமென் சொல்லிருக்கும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் உபதேசியாரின் வாய் ஓரம் அசைந்துவிட்டது.

"யாரு வீட்டுப் பயறு அது?" என்று தாசையா குரலை உயர்த்தினார். எனக்கு அதுவும் பாதி தெரியும். மேல் மாதிரிகளில் சில பயறு சிறுத்து, புள்ளியோடு இருந்தது. அந்த ஊர் விதை இல்லை. விளைச்சல் போன ஒரு வீடு, வெறுங்கையோடு பண்டிகைக்கு வரக் கூச்சப்பட்டுச் சந்தையில் வாங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். ஞானதாஸ் சார் முந்திக்கொண்டார்.

"அதக் கண்டுபிடிக்கிற கருவி எங்ககிட்ட இல்லங்க."

இருந்தது. தாளிலேயே கிடந்தது. அவர் பேசியபடியே அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். விதிப்படி மாதிரியை அப்படி எடுத்துப் போகக் கூடாது. நான் விதியைச் சொல்லவில்லை.

"அப்ப கூடைய நிப்பாட்டணுமா?" என்று எஸ்தரம்மா கேட்டார். நடைமுறைப்படி பதில் ஒன்றுதான்: தொற்று வரும் வழியை அடைக்க வேண்டும். 'ஆமாம்' நாக்கு நுனி வரை வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கூடை ஊரில் உள்ள ஒவ்வொரு டிரம்மின் உச்சிக்கும், ஒரே நாளில், செல்லத்துரையைத் தவிர ஒரு வீடு விடாமல் போகிறது. என் பயிற்சிக்கு வராதவர் வீட்டுக்கும் போகிறது. கூடையில் வருவதை யாரும் சமைப்பதில்லை; சிவப்பு மையில் எத்தனை தடவை எழுதினாலும் நடக்காத காரியம் அது. இப்படி ஒரு விநியோகத்தை எந்தத் துறையும் நடத்திக் காட்டியதில்லை. அதைப் போய் அடைப்பதா?

"நிறுத்தாதீங்க! வண்டு போன கூடையிலயே மருந்தும் போகட்டும்!" என்று கத்தினேன். முற்றத்தில் மேய்ந்த கோழி விலகி ஓடியது.

திட்டம் அங்கேயே உருவானது. பண்டிகைக்கு முந்தின வாரமே கூடைக்கான பயறை எல்லாம் எஸ்தரம்மா வாங்கிவிட வேண்டும். கருப்பு பிளாஸ்டிக் தாளில் மூடி, சர்ச்சின் தகரக் கூரையில் நல்ல வெயிலில் போட்டால் உள்ளே இருக்கும் புழு சூட்டில் செத்துவிடும். பிறகு வசம்புப் பொடியை நிறையக் கலந்து கூடையில் கொட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு பிடி பயறோடு மேலடுக்குக்கு வேண்டிய மருந்தும் போய்விடும்.

"வாசம் தூக்குமே, சபையில" என்றார் உபதேசியார்.

"சாம்பிராணி போட்டதா நெனச்சுக்கங்க" என்றார் ஞானதாஸ் சார்.

தாசையா மட்டும் இறங்கி வரவில்லை. கெட்டுப்போன மேலடுக்கை வழித்துக் கொதிநீரில் கொட்டிவிட்டு, மிச்ச விதைக்குப் புதுப் பொடி போடச் சம்மதித்தார். குப்பியைத் தரவில்லை. "இது எங்க டிரங்குப் பெட்டியில இருக்கும். அடுத்த வெதைப்புக்கு வண்டு வந்துச்சு, அன்னைக்கே ஒடைப்பேன். அப்ப நீங்க வரவே வேண்டாம்."

எஸ்தரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். "அதுவரைக்கும் பெட்டி வெறகுக் கொட்டாயில இருக்கும். வீட்டுக்குள்ள இல்ல."

அடுத்த பண்டிகைக்கு நானும் போனேன். எஸ்தரம்மா கூடைக்குப் பக்கத்தில் கம்பு ஊன்றாத காவல்காரர் மாதிரி நின்றார். கூடையிலிருந்து பழுப்புத் தூசி கிளம்பி, உபதேசியார் செபத்துக்கு நடுவே இரண்டு தடவை தும்மினார். மற்றபடி ஒரு குறையும் இல்லை.

விதைப்பு வந்தது. இந்த முறை போன் செய்தவர் தாசையா. "தொறக்கப் போறோம். வந்து நில்லுங்க." அவ்வளவுதான். நல்லதா கெட்டதா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

முதலில் எஸ்தரம்மாவின் டிரம். மூடியை அவரே திறந்தார். வெள்ளைப் பயறு, பழுப்புப் பொடி. நான் கையை விட்டேன். மேலே குளிர்ச்சி, நடுவில் குளிர்ச்சி, அடியில் குளிர்ச்சி. டம்ளரில் அள்ளிக் காதில் வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. தாசையா டம்ளரை என் கையிலிருந்து பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். மூன்றாவது வீட்டில் ஒரு வண்டு அகப்பட்டது. செத்து, மல்லாந்து கிடந்தது. உபதேசியார் அதை உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். நாலாவது, ஐந்தாவது, கடைசி வீடு வரைக்கும் போனோம். ஊரில் அந்த வருடம் வண்டு விழுந்தது, கூடைப் பயறு போகாத செல்லத்துரை டிரம்மில் மட்டும்தான்.

"வாடகை வசூலாச்சாண்ணே?" என்று ராசு கேட்டார். செல்லத்துரை நேரே எஸ்தரம்மாவிடம் போய், அடுத்த பண்டிகைக்குக் கூடையில் தனக்கும் ஒரு பிடி வைக்கச் சொன்னார். மைக் செட் பேச்சை எடுக்கவில்லை.

எஸ்தரம்மாவின் மருமகள் யாரிடமும் கேட்காமல் விறகுக் கொட்டகைக்குப் போனாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து, அந்தக் குப்பியை எடுத்துவந்து தாசையாவிடம் நீட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் கொடுத்தார்.

"இத நீங்களே கொண்டு போயிருங்க."

இதற்கு நடைமுறை உண்டு. அது எனக்குத் தெரியும். ஆட்கள் உட்காரும் இடத்தில் அதை வைத்துக்கொண்டு போகக் கூடாது. பிளாஸ்டிக் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி, தகர டப்பாவில் அடைத்து, ஜீப்பின் மேல் கம்பியில் வைத்துக் கயிறு போடச் சொன்னேன். ராசு மேலே ஏறிக் கட்டினார். ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

எஸ்தரம்மா ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"நல்லாக் கட்டு ராசு," என்றார். "வளைவுல விழுந்து திரும்பி எங்க ஊருக்கே வந்துறப் போகுது."

ராசு இன்னொரு முடிச்சுப் போட்டார்.